இரவலும் உரிமையும்: மலாக்காத் தோட்டங்களில் வண்டியின் கதை

இரவல் என்னும் சொல்லைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. திருக்குறளில் 106-ஆம் அதிகாரம் இரவு. 107-ஆம் அதிகாரம் இரவச்சம். அங்குப் பேசப்படுவது வறியவர் கையேந்தி நிற்றல். லயத்து மக்கள் வழங்கிய இரவல் அதனின் வேறானது. ஒரு வீட்டு முறமும் உலக்கையும் நான்கு வீடு சுற்றி வரும். திருமணத்திற்குப் புறப்படும் பெண்ணின் கழுத்தில் அண்டை வீட்டுச் சங்கிலி கிடக்கும். கொடுத்தவர்க்குப் பெருமையில்லை, வாங்கியவர்க்குச் சிறுமையில்லை. நாளை முறை மாறும் என்பதை இருவரும் அறிவர்.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று இன்று நம்மிடையே வந்துள்ளது. விலை கொடுத்து வாங்கிய மகிழுந்து, உத்தரவாதக் காலம் முடியுமுன்னரே பழுதாகி, விற்றவரின் பட்டறையில் கிடக்கிறது. அது திருந்தி வரும் வரையில் ஓட்டிக்கொள்ளப் பட்டறையார் வேறொரு வண்டியைத் தருகின்றனர். அல்லது தர மறுக்கின்றனர். அந்த மாற்று வண்டி இரவலா, உரிமையா? கேட்பதற்குச் சிறிய வினாவே. எனினும் மலாக்காத் தமிழரின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது அது அவ்வளவு சிறியதாக எனக்குத் தோன்றவில்லை.

மகிழுந்துக்கும் மலாக்காவுக்கும் உள்ள தொடர்பு பழையது. செருமானியரான கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு 1886. ஜான் டன்லப் காற்றடைத்த சக்கர உறையை உருவாக்கிய ஆண்டு 1888. அடுத்த எட்டே ஆண்டுகளில், 1896-இல், சிங்கப்பூர்ப் பூங்காவின் இயக்குநர் ரிட்லியின் தூண்டுதலால், டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவில் வாணிக நோக்கோடு எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். பின்னர் அவர் முயற்சி புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டமாக விரிந்தது. உலகெங்கும் மகிழுந்து பெருகப் பெருக, மலாக்காவின் காடுகள் அழிந்து பால்மரங்கள் எழுந்தன. அம்மரங்களைச் சீவத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர்.

அவர்கள் எவ்வாறு வந்தனர் என்பதும் நம் பொருளோடு தொடர்புடையதே. தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலி முறை. அதற்கான ஆள்சேர்ப்பு 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறையோ அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. ஒப்பந்தம் என்பது எழுத்து. அதில் கைநாட்டு இட்டவர்க்கோ எழுத்துத் தெரியாது. தமக்கு வரவேண்டியது என்ன என்பதைத் தாளில் படித்தறிய முடியாதவர், அதைத் தருபவரின் முகத்தில் படிக்கப் பழகிக்கொண்டார். இப்பழக்கம் நமக்குள் எவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்பதை நான் என் ஐம்பது வயதுக்கு மேல்தான் உணர்ந்தேன்.

உலகின் சக்கரங்களுக்குப் பால் கொடுத்தவர்கள் தாம் மட்டும் நடந்தனர். காண்டாவில் இரு வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிரையிலிருந்து கொட்டகைக்கு நடந்தனர். சம்பளத்தன்று கடைத்தெருவுக்கு நடந்தனர். 1967-இல் புக்கிட் ஆசகான் தோட்டத்துத் தொழிலாளர்கள் தம் குறையை எடுத்துரைக்கப் புறப்பட்டபோது, கோலாலம்பூரை நோக்கியும் நடந்தே சென்றனர்.

தோட்டத்தில் வண்டி என்றால் இரண்டுதான். ஒன்று துரையின் கார். மற்றொன்று தோட்டத்து லாரி. நான் ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவன். ஆறேழு வயதிருக்கும், மழைக்காலத்து இரவொன்றில் எங்கள் லயத்தின் கடைசி வீட்டுப் பெண்ணுக்குப் பேறுகால வலி கண்டது. டிரெசர் வந்து பார்த்துவிட்டு, மலாக்காப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். என் தந்தையாரும் கங்காணியும் விளக்கை எடுத்துக்கொண்டு துரை பங்களாவுக்கு நடந்தனர். நானும் அழுது அடம்பிடித்துப் பின்னால் ஓடினேன். அப்போதைய துரை வெள்ளையர் அல்லர், நம் நாட்டவர்தாம். ஆயினும் வாசற்படிக்குக் கீழே, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழையில் நின்றார் தந்தையார். “துரை மனசு வைக்கணும்” என்றார். துரை மனம் வைத்தார். லாரிச் சாவி வந்தது. தாயும் சேயும் பிழைத்தனர். மறுவாரம் தந்தையார் பங்களாவுக்கு ஒரு சேவலைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அம்மனிதரின் நல்லுள்ளத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தோட்ட நிருவாகம் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்து தரவேண்டும் என்பது, பிரித்தானியர் காலத்துத் தொழிலாளர் சட்டங்களிலேயே எழுதப்பட்ட கடமை. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் வரலாற்று நூலொன்றில் அதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தச் சேவல்தான்.

பிறகு காலம் விரைந்து மாறியது. மிதிவண்டி வந்தது, அதன்பின் ‘கப்சாய்’ என்று எல்லா இனத்தாரும் அழைக்கும் சிறு மோட்டார் சைக்கிள் லயத்து வாசல்களில் நின்றது. 1985 சூலை 9-இல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1994-இல் பெரொடுவாவின் காஞ்சில் வந்தபோதுதான் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றிற்கு மகிழுந்து எட்டியது. அதே காலத்தில் பால்மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் மலாக்கா நகருக்கும் ஆயர் குரோவுக்கும் மஸ்ஜித் தானாவுக்கும் பெயர்ந்தனர். 2003-இல் அலோர் காஜா வட்டாரத்துப் பெகோவில் ஹோண்டா தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. சக்கரத்திற்குப் பால் எடுத்த மண்ணிலேயே முழு வண்டியும் பூட்டப்படும் நிலை வந்தது.

மக்கள் பெயர்ந்தனர், பள்ளிகள் எல்லாம் உடன் பெயரவில்லை. தமிழ்ப்பள்ளிகள் பல தோட்டத்துச் சாலையின் கோடியிலேயே நிற்கின்றன. பிள்ளைகள் வேனிலும் பெற்றோரின் வண்டியிலும் வருகின்றனர், ஆசிரியர்களும் அவ்வாறே. பேருந்து மலாக்கா சென்ட்ரலிலிருந்து சிறுநகரம் வரையில் கொண்டுவிடும். அங்கிருந்து செம்பனைக்குள் நீளும் கடைசி ஐந்தாறு கிலோமீட்டருக்கு எதுவும் இல்லை. ஒரு வீட்டில் வண்டி நின்றால் அவ்வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வராது. வருகைப் பதிவேட்டில் ‘வண்டி பழுது’ என்னும் காரணத்தை ஆண்டுதோறும் காணும் தலைமையாசிரியன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

இனி என் கதை. புதிதாக வாங்கிய வண்டி இரண்டாம் ஆண்டிலேயே பல்லிணைப் பெட்டி பழுதாகி, மெர்லிமாவ் சாலையோரத்தில் நின்றுவிட்டது. இழுத்துச் சென்ற பட்டறையின் பெயரும் வண்டியின் பெயரும் இங்கு வேண்டா. உத்தரவாதம் இருந்ததால் பழுதுபார்க்கக் கட்டணம் இல்லை என்றனர். ஆனால் உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். மூன்று வாரம் ஆகலாம். “அதுவரையில் மாற்று வண்டி கிடைக்குமா?” என்று கேட்டேன். முகப்பிலிருந்த இளம்பெண், “மன்னிக்கவும் சிக்கு, வண்டி இல்லை; அது எங்கள் நிறுவனம் விரும்பினால் தருவது” என்று மலாயில் கனிவாகவே சொன்னாள். அப்போதுதான் கவனித்தேன்: என் இரு கைகளும் வயிற்றின் மேல் கட்டியிருந்தன. “கொஞ்சம் மனம் வையுங்கள்” என்று நான் சொல்லியும் விட்டிருந்தேன்.

அன்றிரவு உத்தரவாதக் கையேட்டை முதன்முறையாக முழுதும் படித்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே. மாணாக்கரிடம் ‘வினாவை முழுதும் படி’ என்று முப்பது ஆண்டு சொன்னவன் நான். உற்பத்தியாளர், பழுதான உறுப்பை மாற்றித் தரவும் அதற்கான கூலியை ஏற்கவும் உறுதி கூறியிருந்தார். குறித்த கிலோமீட்டரில் அங்கீகரிக்கப்பட்ட பட்டறையில் பராமரிப்புச் செய்திருக்க வேண்டும். தேய்ந்துபோகும் உறுப்புகள் சேரா. வண்டி இல்லாத நாள்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பட்டறையார் பொய் சொல்லவில்லை.

பட்டறையார் ஏன் தயங்குகின்றனர் என்பதையும் அறிதல் நன்று. உத்தரவாதப் பழுதுக்கு உரிய உறுப்பும் கூலியும் உற்பத்தியாளர் கணக்கில் சேரும். மாற்று வண்டியின் செலவோ, உற்பத்தியாளர் தனியே ஒப்பினாலன்றி, முகவர் தலையிலேயே விழும். அவ்வண்டிக்குச் சாலைவரி உண்டு, காப்புறுதி உண்டு, தேய்மானம் உண்டு. ஆகவே இரண்டு மூன்று வண்டிகளை வைத்துக்கொண்டு, யார் மிகுதியாக வற்புறுத்துகிறாரோ அவர்க்குத் தருவது வழக்கமாகிவிடுகிறது. வற்புறுத்தத் தெரியாதவர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்.

இதற்கிடையே மாதத் தவணை நிற்பதில்லை. நம்மில் மிகப் பலர் 1967-ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டத்தின்கீழ் வண்டி வாங்குவோர். கடன் வங்கியோடு, பழுது பட்டறையோடு. பட்டறையில் கிடக்கும் வண்டிக்கும் வங்கிக்குப் பணம் கட்டியே ஆகவேண்டும். காப்புறுதியில் கூடுதல் கட்டணம் செலுத்திப் பழுதுபார்க்கும் நாள்களுக்கு நாட்படி பெறும் வசதி ஒன்று உண்டு. ஆனால் அது விபத்துப் பழுதுக்கு மட்டுமே. தானே கெட்ட பல்லிணைப் பெட்டிக்கு அது உதவாது.

கையேடு சொல்லாததைச் சட்டம் சொல்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தோடு இருத்தல் வேண்டும். குறை இருந்தால் தகுந்த காலத்திற்குள் அதை நீக்கவேண்டும். உதிரிப்பாகமும் பழுதுபார்க்கும் வசதியும் தக்க காலம் வரையில் கிடைக்கச் செய்வது உற்பத்தியாளர் பொறுப்பு. குறையின் விளைவாகப் பயனீட்டாளர்க்கு நேர்ந்த இழப்பை மெய்ப்பித்தால், அதற்கு ஈடும் கோரலாம். ‘மாற்று வண்டி’ என்ற சொல் அச்சட்டத்தில் இல்லை. ஆனால் வண்டியின்றி வாடகைக்குக் கொடுத்த பணம் இழப்பே அன்றோ?

நான் மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். வண்டி வாங்கிய நாள், பழுதான நாள், ஓடியிருந்த கிலோமீட்டர், பட்டறை ஏற்றுக்கொண்ட நாள், அதுவரையில் வாடகை வண்டிக்குக் கொடுத்த தொகை, பற்றுச்சீட்டுகளின் படிகள் ஆகியவற்றோடு, மாற்று வண்டி தருக அல்லது இச்செலவை ஏற்க என்று முடித்தேன். மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது: வண்டி ஆயத்தம். என் கடிதத்தின் வலிமையாலா, வேறொருவர் தம் மாற்று வண்டியைத் திருப்பியதாலா, யார் கண்டார்!

அவ்வண்டியை எடுக்கும்போதும் ஒரு தாளில் கையொப்பம் இட்டேன். இம்முறை படித்த பிறகு. எண்ணெய் இருந்த அளவுக்குத் திருப்ப வேண்டும். போக்குவரத்துச் சம்மன் வந்தால் ஓட்டியவர் கட்ட வேண்டும். சிங்கப்பூருக்குக் கொண்டுபோகக் கூடாது. அழைப்பு வந்த மறுநாளே திருப்ப வேண்டும். காப்புறுதிப் பத்திரத்தில் பெயர் குறிக்கப்படாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் 400 ரிங்கிட் வரையில் கைப்பணம் போகக் கூடும் என்பதால், என் பெயர் அதில் அடங்குமா என்று கேட்டு எழுதி வாங்கினேன். கதவிலிருந்த பழைய கீறலைப் படம் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு ஓட்டி வந்தபோது, எண்பதைக் கடந்த தந்தையார் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். “இரவல் கொடுத்தவங்களுக்கு ஏதாச்சும் கொண்டுபோய்க் குடுத்தியாப்பா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர்க்கு அது பிடிக்கவில்லை. மறுநாளும் கேட்டார்.

இந்த நாட்டில் பயனீட்டாளர் என்னும் சொல்லையே தமிழர் வீடுகளுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானது, 1970-ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம். அதன் தலைவராகப் பல்லாண்டு இருந்து 2019-இல் மறைந்த எஸ். எம். முகம்மது இத்ரிஸ் தமிழ் பேசும் பெருமகனார். 1999-ஆம் ஆண்டுச் சட்டம் அமைத்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் வாதாடுவதில்லை, நாமே பேசலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். தொடக்கத்தில் 10,000 ரிங்கிட்டாக இருந்த கோரிக்கை வரம்பு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50,000 ரிங்கிட் ஆயிற்று. பிற நாட்டார் இன்னும் முன்னே சென்றுள்ளனர். அமெரிக்காவில் உத்தரவாதத்திற்கெனத் தனிச் சட்டம் 1975-இலேயே வந்தது. திரும்பத் திரும்பப் பழுதாகும் வண்டியை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும் என்னும் சட்டத்தைக் கனெக்டிகட் மாநிலம் 1982-இல் இயற்றியது. சிங்கப்பூரில் பழுதுற்ற பொருள்களுக்கான அவ்வகைச் சட்டம் 2012-இல் நடைமுறைக்கு வந்தது. அங்கும் மாற்று வண்டியைக் கேட்டுத்தான் பெறவேண்டும்.

என் வண்டி பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தது. வாடகை வண்டிச் செலவில் ஒரு பகுதியைப் பராமரிப்புக் கட்டணத்தில் கழித்துக்கொண்டனர், முழுதும் கிடைக்கவில்லை. கடிதத்தின் படி பள்ளி அலுவலகக் கோப்பில் இருக்கிறது. பெற்றோர் மூவர் அதைக் கேட்டு வாங்கிச் சென்றனர். அவர்களுள் ஒருவருக்குப் பழுதானது குளிர்பதனப் பெட்டி.