ஈட்டித் துப்பாக்கியோடு தீவுக்குப் போகலாமா?

கேமரன் மலை - விடுமுறை வந்தால் வேன் எடுத்துக்கொண்டு கடலுக்கு இறங்குவது தோட்டத்து இளைஞர்களின் வழக்கம். தூண்டில் கொண்டுபோனவர்களில் சிலர் இப்போது ஈட்டித் துப்பாக்கியும் வாங்குகிறார்கள். மலாயில் 'தெம்பாக் ஈக்கான்' எனப்படும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குமுன் அறிய வேண்டியவை இவை.

எந்த இடம்?

நமது பகாங் மாநிலத்தைச் சேர்ந்த தியோமான் தீவும் அதையொட்டிய துலாய், செபே போன்ற தீவுகளும் 1994ஆம் ஆண்டு கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கரையின் தாழ்நீர் எல்லையிலிருந்து 2 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் வரை பூங்கா நீள்கிறது. ஜொகூரின் ரவா, சிபு, திங்கி, திரெங்கானுவின் ரெடாங், பெர்ஹெந்தியான், கெடாவின் பாயார் ஆகிய தீவுகளும் கடற்பூங்காக்களே.

எது குற்றம்?

1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி, எழுத்துபூர்வ அனுமதியின்றிக் கடற்பூங்காவில் மீன் பிடிப்பதும் பிடிக்க முயல்வதும் குற்றம். பவளப்பாறையை உடைத்தெடுப்பதும் அப்படியே. ஈட்டி, ஈட்டித் துப்பாக்கி போன்றவற்றைப் பூங்காவுக்குள் வைத்திருப்பதற்கும் தடை உண்டு. "ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை" என்பது அங்கே பதிலாகாது. அபராதம், சிறை அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

எதைத் தொடக் கூடாது?

பூங்காவுக்கு வெளியேயும் திமிங்கிலச் சுறா, கடற்பசு, ஓங்கில், இராட்சதச் சிப்பி ஆகியவை 1999ஆம் ஆண்டு விதிமுறைகளால் பாதுகாக்கப்பட்டவை. வெடி, விஷம், மின்சாரம் கொண்டு கடலில் மீன் பிடிப்பதும் குற்றம்.

வழியில்

தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் எடுத்துச் செல்வதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தண்டிக்கிறது. ஆகவே, கருவியின் ரப்பரைத் தளர்த்தி, ஈட்டியைக் கழற்றி, முனையை மூடிப் பையில் வைப்பதே நல்லது. பேருந்து நிலையத்தில் வெளியே எடுத்துக் காட்ட வேண்டாம்.

நம் ஆறுகளில்?

கூட்டரசு அரசியலமைப்பின்படி ஆற்று மீன்பிடிப்பு மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கடலுக்கான விதியை வைத்து தெலோம், பெர்த்தாம் ஆறுகளில் இறங்கிவிடக் கூடாது. மாவட்ட மீன்வள அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெர்சிங்கிலோ தஞ்சோங் கெமோக்கிலோ படகு ஏறும் நேரத்தில் யோசித்துப் பயனில்லை. போகும் இடம் கடற்பூங்கா என்றால் ஈட்டித் துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். முகமூடியும் சுவாசக் குழாயும் போதும். மீனைப் பார்த்து ரசிக்கத் தடை இல்லை.