விறகுச் சூளையும் தயிர்ச் சட்டியும்

கல்முனைப் பகுதியின் கலியாணப் பந்தியிலே, சகனைச் சுற்றி அமர்ந்தோர்க்கு இறுதியில் வருவது எருமைத் தயிர். அது மட்சட்டியில் உறைந்ததாயின் அதன் சுவையே தனி என்பது எம்மவர் துணிபு. இச்சட்டியை யப்பானிய மட்கலங்களோடு ஒப்புநோக்குவோர், நம் குயவர் கலை வளர்ச்சி குன்றியது எனக் கூறுதல் உண்டு. சூளையின் வரலாற்றை அறிந்தோர் இக்கூற்றை ஏற்கார்.

யப்பானியரும் தொடக்கத்தில் நம்மவர் போலத் திறந்த வெளியிலேயே கலம் சுட்டனர். மலைச்சரிவைக் குடைந்து அமைக்கும் 'அனகாமா' என்னும் குகைச் சூளை, கி.பி. 5ஆம் நூற்றாண்டில் கொரியக் குயவர் வழியாகவே அங்குச் சென்றது. அனல் சிதறாது உள்ளே நின்றமையால் வெப்பம் 1000 பாகை செல்சியசுக்கு மேல் ஏறியது. விறகின் சாம்பல் தீயோடு பறந்து கலத்தின் தோளிற் படியும். வெப்பம் 1200 பாகையைக் கடக்குங்கால், அச்சாம்பலின் சுண்ணாம்பும் பொட்டாசும் களிமண்ணிலுள்ள சிலிக்காவோடு உருகிக் கண்ணாடிபோல் வழியும். குயவன் பூசாத பூச்சு அது! பிசென் என்னும் ஊரார் பைன் விறகிட்டுப் பத்து நாளும் அதற்கு மேலும் சூளையை எரிப்பர். 16ஆம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கினர் போற்றி எடுத்த பிசென் கலங்களுட் பல, குடியானவர் வீட்டில் விதையும் நீரும் வைத்த சாடிகளே என்பது நோக்கத்தக்கது.

இக்கலை அறாது தொடர்ந்து வந்ததென எண்ணுதல் தவறு. 'சினோ' என்னும் வெண்பூச்சுக் கலம் செய்யும் முறை 17ஆம் நூற்றாண்டிலேயே வழக்கொழிந்தது. அது செய்யப்பட்ட இடமும் மறந்துபோயிற்று. செத்தோ என்னும் ஊரில் அது செய்யப்பட்டதென்றே அறிஞர் பலர் நம்பினர். பழங்கிண்ணம் ஒன்றின் அடியில் ஒட்டியிருந்த சிறு செம்மண் துணுக்கு, அரகாவா தொயோசோ என்னும் குயவருக்கு ஐயத்தை எழுப்பியது. அவர் 1930இல் மினோ நாட்டு மலைக்காட்டில் தேடி, சினோ ஓட்டுத்துண்டு ஒன்றைக் கண்டெடுத்தார். 1933இல் அங்கேயே பழைய முறையிற் சூளை அமைத்தார். முதலிற் கிட்டியது தோல்வியே. மண் எது, பூச்சு எது, எத்தனை நாள் எரிப்பது என்பவற்றைச் சொல்வார் எவரும் இலர். சூளையைத் திரும்பத் திரும்ப எரித்தே அவர் கற்க வேண்டியதாயிற்று.

பிசென் மரபு தமிழ்க் கரைக்கும் வந்தது. பிசெனில் யமமோத்தோ தோசூ என்பாரிடம் பயின்ற டெபரா சிமித்து என்னும் அமெரிக்கப் பெண்மணி, ரே மீக்கருடன் 1971இல் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ்' மட்கலச் சாலையை நிறுவினார். அங்குப் பைன் மரம் ஏது? கடற்கரைச் சவுக்கு விறகே சூளைக்கு உணவாயிற்று. மீக்கர் 1985 முதல் இன்னும் துணிந்து, பச்சைச் செங்கல்லால் வீடு கட்டி, உள்ளே செங்கல்லும் கலமும் நிறைத்து, வீட்டையே சூளையாக்கி மூன்று நான்கு நாள் எரித்துப் பார்த்தார். அது பரவலான வழக்காகவில்லை. எனினும் அச்சாலையிற் பயின்றோர் இந்தியாவின் பல பாகங்களிலும் சூளை அமைத்தனர்.

இனி நம் சட்டிக்கு வருவோம். வைக்கோலும் விறகும் இட்டுச் சுடும் திறந்த சூளையில் வெப்பம் 700 முதல் 900 பாகை வரையே. இரும்புச் சத்து மிக்க நம் செம்மண் 1250 பாகையில் உருக்குலைந்துவிடும். குறைவாகச் சுட்டமையால் சட்டியில் நுண்துளைகள் எஞ்சுகின்றன. அவற்றின் வழியே தயிரின் நீர் கசிந்து ஆவியாக, தயிர் குளிர்ந்து இறுகுகிறது. நீர் புகாத பிசென் கலத்தில் இது நிகழாது. ஆகவே குறைந்த வெப்பத்தை அறியாமை எனல் பொருந்தாது. பயனுக்கேற்ற அளவு அது.

பிளாத்திக்குக் கிண்ணம் தயிர்க் கடைகளிற் புகுந்துவிட்டது. எம்மண்ணை எம்மண்ணோடு எவ்வளவு மணல் சேர்த்துப் பிசைவது, எவ்விறகை எப்போது இடுவது, தீயின் எந்நிறங் கண்டு நிறுத்துவது என்பன குயவர் கையிலும் கண்ணிலுமே உள்ளன. ஏட்டில் ஏறியவை சிலவே. அரகாவா 1933இல் சூளை வாயிலில் நின்று தேடியதும் இவற்றையே.