ஒரே மருந்து, இரு வீதி

இரத்தப் புற்று என்னும் கொடிய வியாதி நிறம் பாராது வருவது என்று நாம் எண்ணியிருந்தோம். வருவதில் எப்படியாயினும், பிழைப்பதில் நிறமும் வீதியும் பார்க்கப்படுகின்றன என்பதை அமெரிக்க நாட்டுச் சரித்திரம் காட்டுகின்றது.

1948-இல் பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி பார்பர், இவ்வியாதி கண்ட 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்து, 10 பேருக்குத் தற்காலிகக் குணம் கண்டதாக வெளியிட்டார். அம்மருந்தைச் செய்த லெடர்லி ஆராய்ச்சிசாலையின் தலைவர், சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ் என்பதை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்?

பின்னர், 1962. மிஸ்ஸிஸிப்பி நதிக்கரையில், பருத்தி வியாபாரத்தாற் செழித்த மெம்பிஸ் நகரம். கறுப்பருக்கு வேறிடம், வெள்ளையருக்கு வேறிடம் என்பதே அவ்வூர் வழக்கம். அங்கேதான் நடிகர் டேனி தாமஸ், செயின்ட் ஜூட் என்னும் குழந்தைகள் ஆஸ்பத்திரியை நிறுவினார். கட்டடத்தை வரைந்து கூலி வாங்காது கொடுத்தவர் பால் வில்லியம்ஸ் என்னும் கறுப்பர். இரு நிறத்துக் குழந்தைகளும் அங்கே ஒரே கூரையின்கீழ் சிகிச்சை பெற்றனர். எக்குடும்பத்துக்கும் பில் அனுப்பப்படவில்லை. அன்று இவ்வியாதியில் நூற்றுக்கு 4 குழந்தைகளே பிழைத்தனர். டாக்டர் டொனால்ட் பிங்கெல் பல மருந்துகளை ஒன்றாய்ச் சேர்த்துப் போராடி, பத்தாண்டுக்குள் அதைப் பாதியளவுக்கு உயர்த்தினார்.

நாடு முழுவதுமான கணக்கிலோ கறுப்புக் குழந்தைகள் வெள்ளைக் குழந்தைகளிலும் குறைவாகவே பிழைத்தனர். இரத்தத்திலேயே ஏதோ பேதம் என்று சொல்வோரும் இருந்தனர். 2003-இல் செயின்ட் ஜூட் வைத்தியர்கள் வெளியிட்ட கணக்கு அதற்கு விடையாயிற்று: பிற்காலத்தில் அங்கே ஒரே சிகிச்சை பெற்ற இரு நிறத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவிற் பிழைத்திருந்தனர்.

இத்தோடு முடிந்ததென்று மகிழ இடமில்லை. 2000 முதல் 2010 வரை பாஸ்டன் வைத்தியர்களின் ஒரே முறைப்படி சிகிச்சை பெற்ற 575 குழந்தைகளை, அவர்கள் வாழும் தபால் வட்டாரத்தைக்கொண்டு பிரித்துப் பார்த்தனர். நூற்றுக்கு 20 பேருக்குக் குறையாமல் ஏழைகளாயுள்ள வட்டாரங்களில் நூற்றுக்கு 85 குழந்தைகள் ஐந்தாண்டு பிழைத்தனர். மற்ற வட்டாரங்களில் 92. பேரேடு எழுதிப் பழகிய நமக்கு 7 என்பது சிறிய வித்தியாசமாய்த் தோன்றலாம். அந்த 7, குழந்தைகளின் உயிர். வியாதி திரும்பிய ஏழை வட்டாரத்துக் குழந்தைகளில் நூற்றுக்கு 92 பேருக்கு அது விரைவிலேயே திரும்பிற்று. மற்றவரில் 48 பேருக்கே அப்படி.

இவ்வியாதிக்கு ஆஸ்பத்திரியை விட்ட பின்னும் நெடுநாள் வீட்டிலேயே மாத்திரை கொடுத்துவர வேண்டும். தாய் வேலைக்குப் போன வீட்டில், அடுப்பெரியாத இரவில், அதைத் தவறாது கொடுப்பவர் யார்? அப்பாஸ்டன் ஆராய்ச்சியாளர்களே பின்பு, புற்று கண்ட ஏழைக் குழந்தைகளின் வீடுகளுக்கு மளிகைச் சாமானும் போக்குவரத்து வண்டியும் சிகிச்சையோடு சேர்த்தளித்துப் பரீட்சிக்கத் தொடங்கினர்.