இரண்டு கூம்பு: செல்களை உயிரோடு எண்ணின கதை

இந்த எபிசோடு ஒரு கிராஃபுல ஆரம்பிக்குது.

கொஞ்ச நாள் முன்னாடி எங்க டீம் டேஷ்போர்டுல, சர்வர் பதில் சொல்ற நேரத்தோட கிராஃப் ரெண்டு திமில் ஒட்டகம் மாதிரி வந்தது. ரெண்டு விதமான யூசர்கள் இருக்காங்கன்னு தியரியே எழுதிட்டோம். அப்புறம் ரெண்டாவது கூம்புல இருந்த ரிக்வெஸ்ட்டுகளை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தா, தப்பு எங்க அளவெடுக்கிற கோடுல இருந்தது.

எங்களால எடுத்துப் பார்க்க முடிஞ்சது. 1960-களில் இதே குழப்பம் ரத்தத்துல வந்தப்போ, எடுத்துப் பார்க்க வழியே இல்லை.

முதல்ல எண்ணுறது எப்படின்னு பார்ப்போம். ரொம்ப காலமா லேபுல கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டுல ரத்தத்தை வச்சு, மைக்ராஸ்கோப் வழியா கண்ணால எண்ணினாங்க. 1953-ல் அமெரிக்காவுல வாலஸ் கோல்ட்டர் ஒரு காப்புரிமை வாங்கினார். உப்புக் கரைசல்ல செல்களைக் கலந்து, கரண்ட் பாயுற நுண்ணிய ஓட்டை வழியா விடணும். ஒரு செல் கடக்கும்போது மின்தடை கூடும், ஒரு துடிப்பு வரும். எத்தனை துடிப்போ அத்தனை செல். துடிப்போட உயரம் செல்லோட பருமனைச் சொல்லும்.

அணுகுண்டு செஞ்ச லாஸ் அலமோஸ் ஆய்வகத்துல இப்படிச் சிவப்பணுக்களை அளந்தப்போதான் அந்த ரெண்டு கூம்பு வந்தது. ரத்தத்துல ரெண்டு சைஸ் சிவப்பணு இருக்கா, இல்ல மெஷின் பொய் சொல்லுதா? அங்க இருந்த மேக் ஃபுல்வைலர், ரெண்டு கூம்பையும் தனித்தனியா பிரிச்சு எடுத்து மறுபடியும் அளக்கணும்னு நினைச்சார்.

அதுக்கான வழி பயாலஜியில கிடைக்கலை, பிரிண்டர்ல கிடைச்சது. ஸ்டான்ஃபோர்டுல ரிச்சர்ட் ஸ்வீட் மை பீய்ச்சி எழுதுற கருவி ஒண்ணு செஞ்சிருந்தார். மைத் தாரையை அதிர வச்சா அது சீரான துளிகளா உடையும். துளிக்கு மின்னேற்றம் கொடுத்து, ரெண்டு மின்தகடுகளுக்கு நடுவுல விட்டா வளைஞ்சு போகும். ஃபுல்வைலர் மைக்குப் பதிலா செல்களை விட்டார். செல்லை அளக்கணும், அது துளிக்குள்ள போற நேரத்தைக் கணக்குப் போட்டு சரியா அந்தத் துளிக்கு மட்டும் சார்ஜ் ஏத்தணும். 1965-ல் அது வேலை செஞ்சது.

பிரிச்ச சிவப்பணுக்களை மறுபடி அளந்தார். ஒவ்வொரு குவியல்லயும் திரும்ப ரெண்டு கூம்பு! சிவப்பணு தட்டு மாதிரி இருக்கும். ஓட்டையை எப்படித் திரும்பிக் கடக்குதோ அதைப் பொறுத்து துடிப்பு மாறுது. ரெண்டு இனமெல்லாம் கிடையாது. கிட்டத்தட்ட எங்க டேஷ்போர்டு கதைதான்.

அடுத்து ஸ்டான்ஃபோர்டுல லெனர்ட் ஹெர்சன்பெர்க். ஒளிரும் சாயம் ஏத்தின செல்களை மைக்ராஸ்கோப்புல தேடித் தேடி எண்ணி அலுத்துப்போனவர். அவர் தேடினது பருமன் இல்லை, வெளிச்சம். லாஸ் அலமோஸ் மெஷின்ல ஒளி உணரும் கருவியைச் சேர்த்துத் தரக் கேட்டார். அவங்க செஞ்சு தரலை, ஆனா வரைபடங்களைக் கொடுத்தாங்க. அதை வச்சு அவர் குழு 1969-ல் ஒளிர்வைப் பார்த்து செல்களைப் பிரிச்சுக் காட்டினது. 1972-ல் லேசரும் வந்தது. அதே காலத்துல ஜெர்மனியில வொல்ஃப்காங் கோடே, ஒளிர்வை அளந்து எண்ணுற மெஷின் செஞ்சார். ஆனா அது பிரிக்காது.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். துளி விழுறது கிருமி நீக்கின குழாய்க்குள்ள. ஓடுற கரைசலும் கிருமி இல்லாதது. அதனால எண்ணி முடிச்ச செல் உயிரோட இருக்கும், அதை வளர்க்கலாம். ஒரே ஒரு பாக்டீரியா உள்ள போனாலும் அடுத்த நாள் கிண்ணம் முழுக்க அதுதான் இருக்கும். கிருமி இல்லாம எண்ணினாதான் "நீ உண்மையிலேயே யாரு"ன்னு அந்த செல்லைக் கேட்க முடியும்.

1979-ல் பாஸ்டன்ல எல்லிஸ் ரைன்ஹெர்ஸ், ஸ்டூவர்ட் ஷ்லாஸ்மன் குழு அதைத்தான் கேட்டாங்க. டி4-ங்கிற அடையாளம் இருக்கிற வெள்ளணுக்களை ஒளிர வச்சுப் பிரிச்சு, அவை என்ன வேலை செய்யுதுன்னு பார்த்தாங்க. மத்த எதிர்ப்பு செல்களுக்கு உதவுறது அவைதான்னு தெரிஞ்சது. இன்னைக்கு நாம சிடி4-ன்னு சொல்றது அதைத்தான்.

ரெண்டே வருஷம். 1981-ல் லாஸ் ஏஞ்சலஸ்ல மைக்கேல் காட்லிப் பார்த்த இளைஞர்களோட ரத்தத்துல, அதே செல்கள் கிட்டத்தட்ட காணாமப் போயிருந்தது. எய்ட்ஸ். எது குறையுதுன்னு சொல்ல ஒரு பெயரும், அதை எண்ண ஒரு மெஷினும் தயாரா இருந்தது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2004 ஏப்ரல்ல இந்தியாவுல இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்து ஆரம்பிச்ச எட்டு அரசு மருத்துவமனைகள்ல, நம்ம தாம்பரம் சானடோரியமும் ஒண்ணு. நோய் முற்றாதவங்களுக்கு மருந்து தொடங்க அப்போ உலக சுகாதார நிறுவனம் சொன்ன எல்லை, ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 200 சிடி4-க்குக் கீழ. 190-ன்னா மருந்து. 210-ன்னா காத்திருக்கணும்.

அந்த இருபது செல் வித்தியாசம் நிஜமா, மெஷினோட பிழையா? பழைய முறையில ஒரு மெஷின் மொத்த வெள்ளணுவை எண்ணும், இன்னொண்ணு சிடி4 சதவீதம் சொல்லும். ரெண்டையும் பெருக்கணும், பிழையும் கூடவே வரும். பிறகு ஒரு அழகான தீர்வு வந்தது. குழாய்ல எத்தனைன்னு தெரிஞ்ச ஒளிரும் மணிகளை ரத்தத்தோட கலந்துடணும். மெஷின் பார்த்த மணியையும் செல்லையும் ஒப்பிட்டா ஒரே மெஷின்ல விடை வந்துடும்.

அந்த எல்லை 2010-ல் 350 ஆச்சு, 2013-ல் 500. 2015-ல் எண்ணிக்கை எதுவானாலும் எல்லாருக்கும் மருந்துன்னு சொல்லிட்டாங்க. எவ்வளவு ஆபத்துல இருக்காங்கன்னு பார்க்க இன்னைக்கும் எண்ணுறாங்க, ஆனா மருந்துக்கு அது வாசல் இல்லை. காத்திருக்கச் சொன்ன காலத்துல 210-ஓட வீட்டுக்குத் திரும்பினவங்களை நினைச்சா, டேஷ்போர்டுல ஒரு நம்பரைப் பார்க்கும்போது எனக்கு இப்பல்லாம் ஒரு கேள்வி வருது: இதை யாராவது எடுத்துப் பார்த்தாங்களா?

அடுத்த வாரம் சந்திப்போம்.