ஊசித் தடமும் உப்பும்: தைராய்டில் எதிர்வினைக் குருதிநாள வளர்ச்சியைப் புற்றிலிருந்து பிரித்தறிந்த வரலாறு

முன்னுரை

கழுத்தின் முன்புறம் தோன்றும் வீக்கத்தைத் தமிழ் வழக்கு ‘கழலை’ என்கிறது. தீங்கற்ற வீக்கமும் உயிரைப் பறிக்கும் வீக்கமும் அச்சொல்லுள் அடங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவமும் இதே நிலையில்தான் இருந்தது. 1863 முதல் 1867 வரை வெளிவந்த கட்டிகள் பற்றிய விரிவுரைத் தொகுதியில் ருடால்ஃப் விர்கோ தைராய்டு வீக்கத்தையும் சேர்த்தே ஆராய்ந்தார். தைராய்டினுள் புதிதாக வளரும் குருதிநாளங்கள் காயத்தை ஆற்ற எழுந்தவையா, புற்றா என்னும் வினா அதன்பின் நெடுங்காலம் நீடித்தது. செல்லின் தோற்றத்தோடு அத்திசு கடந்துவந்த நிகழ்வுகளையும் அறிந்தபோதே அவ்வினாவுக்கு விடை கிடைத்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

மாசோன் கண்ட வளர்ச்சி

1923-இல் பிரெஞ்சு நோய்க்குறியியலாளர் பியேர் மாசோன், மூலநோய் கண்ட ஒருவரின் சிரைக்குள் விரல்போன்ற நீட்சிகளாக வளர்ந்திருந்த உட்சுவர்ச் செல்களை விவரித்து, அதனைக் கட்டியாகவே கருதினார். 1932-இல் சுவீடனின் ஃபோல்கே ஹென்ஷன் அது கட்டியன்று, எதிர்வினையே என்றார். 1976-இல் கிளியர்கினும் என்சிங்கரும் அதற்குக் குருதிநாளத்தினுள் நிகழும் காம்புவடிவ உட்சுவர்ச் செல் மிகைவளர்ச்சி என்னும் பொருள்தரும் பெயரை இட்டனர். உறைந்த குருதியைச் சீரமைக்கும் முயற்சியே இவ்வளர்ச்சி என்னும் கருத்து பின்னர் நிலைபெற்றது.

மலைநாட்டுக் கழலையும் குருதிநாளப் புற்றும்

தைராய்டில் இவ்வினா கூர்மை பெற்றதற்குக் காரணம் ஆல்ப்ஸ் மலைப்பகுதி. சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, வட இத்தாலி ஆகிய இடங்களில் நெடுநாள் கழலையுடைய முதியவர்களிடம் ஆஞ்சியோசார்கோமா எனப்படும் குருதிநாளப் புற்று பிற நாடுகளைவிட மிகுதியாகக் காணப்பட்டது. பெரும்பாலான நோயாளிகளைச் சில மாதங்களிலேயே மாய்க்கும் நோய் அது. சுவிட்சர்லாந்தில் 1922 முதல் அயோடின் கலந்த உப்பு புழக்கத்திற்கு வந்தது. ஆல்ப்ஸ் பகுதியில் அயோடின் பற்றாக்குறை நீங்கியதை ஒட்டி இப்புற்றும் அருகியதாகக் கருதப்படுகிறது. ஆயினும் இவ்விரண்டின் காரணத் தொடர்பு முழுமையாக நிறுவப்படவில்லை.

அது உண்மையில் குருதிநாளப் புற்றா, உருமாறிய தைராய்டுப் புற்றா என்பதும் நெடிய விவாதமாயிற்று. உட்சுவர்ச் செல்லுக்குரிய புரதங்களைச் சாயமேற்றிக் காட்டும் முறை வந்தபின் அதன் தோற்றம் தெளிவாயிற்று. ஆனால் அதே சாயம் காயம் ஆற்றும் குருதிநாளங்களிலும் ஏறும். செல் எவ்வகையினது என்பதைச் சாயம் சொல்லும். அது தீங்கானதா என்பதைச் சொல்லாது.

ஊசி தந்த ஐயம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுவீடனில் வளர்ந்த நுண்ணூசி உறிஞ்சல் சோதனை, தேவையற்ற பல அறுவைகளைத் தவிர்த்தது. ஆனால் ஊசி சென்ற தடத்தில் குருதி கசிந்து, உறைந்து, ஆறியது. பின்னர் அறுத்தெடுத்த சுரப்பியில் அத்தடம் புற்றின் சாயலோடு நின்றது. 1994-இல் வர்ஜீனியா லிவோல்சியும் மரியா மெரினோவும் இம்மாற்றங்களைத் தொகுத்து வெளியிட்டனர். முதல் சில வாரங்களில் குருதிக்கசிவும் திசு அழிவும் மிகும். நாள்பட்டபின் நார்த்திசு, உறைக்குள் ஊடுருவியதுபோன்ற பொய்த்தோற்றம், குருதிநாளப் பெருக்கம் ஆகியன நிற்கும்.

வேறுபாட்டுக் குறிகளும் இவ்வழியே தெளிந்தன. எதிர்வினை வளர்ச்சி பெரும்பாலும் நாளத்தின் உட்புறத்திலோ பழைய குருதிக்கசிவின் எல்லைக்குள்ளோ அடங்கும். அதன் நீட்சிகளை ஒற்றை அடுக்குச் செல்களே போர்த்தும். அருகில் இரும்புச்சத்துள்ள பழுப்புப் படிவும் உறைகுருதியும் இருக்கும். புற்றில் செல்கள் அடுக்கடுக்காகக் குவியும். முறையற்ற பிளவுறுதல் தென்படும். ஒன்றோடொன்று பின்னிய நாளங்கள் தைராய்டு நுண்ணறைகளுக்கிடையே புகுந்து அழிக்கும். ஒரு குறி மட்டும் போதாது. அனைத்தையும் ஒருங்கே காண வேண்டும்.

காவிரிப் படுகையின் நிலை

கழலை மலைநாட்டு நோய் என்னும் எண்ணம் இந்தியாவிலும் இருந்தது. 1956-இல் இமயமலையடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் உப்பின் பயனை நிறுவியது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. பின்வந்த ஆய்வுகள் சமவெளியும் கடற்கரையும் இக்குறையிலிருந்து விலக்கல்ல எனக் காட்டின.

திருத்துறைப்பூண்டி இதற்குத் தக்க சான்று. 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகிகள் வேதாரணியத்திற்குச் சென்ற வழியில் உள்ள ஊர் இது. உப்பளங்களின் அண்மை அயோடினை உறுதிசெய்யாது. கடல்நீரைக் காய்ச்சியோ வெயிலில் உலர்த்தியோ பெறும் உப்பில் இயல்பாக உள்ள அயோடின் மிகச் சொற்பம். தனியே கலந்தாலன்றி அது போதாது. 2018-19 இந்திய அயோடின் கணக்கெடுப்பில் போதிய அயோடினுள்ள உப்பைப் பயன்படுத்திய இல்லங்கள் நாட்டளவில் 76.3 விழுக்காடு, தமிழகத்தில் 61.9 விழுக்காடு மட்டுமே.

இத்தகைய ஊரில் கழலையுடையவர் ஓரிடத்தில் ஊசிச் சோதனை செய்துகொண்டு, திருவாரூரிலோ தஞ்சையிலோ அறுவைக்குச் செல்ல நேரலாம். ஊசி எப்போது, எத்தனை முறை, எப்பக்கம் செலுத்தப்பட்டது என்னும் செய்தி திசுவோடு செல்லாவிடில், ஆறிய காயம் கொடும்புற்றாகப் படிக்கப்படும் இடர் உண்டு. அப்பிழையின் விலை தேவையற்ற கதிர்வீச்சும் மருந்தும் குடும்பத்தின் அச்சமும் ஆகும். மாறாக, ஊசியையே காரணமாக்கி உண்மைப் புற்றைப் புறக்கணித்தால் உயிரே விலையாகும்.

முடிவுரை

மாசோன் கட்டியாகக் கருதிய வடிவத்தை ஹென்ஷன் எதிர்வினை என விளக்கினார். லிவோல்சியும் மெரினோவும் ஊசிச் சோதனையின் பின்விளைவை இனங்கண்டனர். திசுவின் முன்வரலாறு நோயறிதலின் பகுதியாக வளர்ந்ததை இப்படிகள் உணர்த்துகின்றன. ஆகவே அறுவைத் திசுவோடு அனுப்பும் படிவத்தில் ஊசிச் சோதனையின் நாளையும் இடத்தையும் குறிக்கும் ஒரு வரி, நுண்ணோக்கிக்கு நிகரான நோயறி கருவியாகும்.