களம்பூர் அரிசியும் இத்தாலி ரிசோட்டோவும்

போன செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு விபரீத ஆசை வந்தது. வீட்டில் எல்லோருக்கும் ரிசோட்டோ சமைத்துப் போட வேண்டும் என்று. ரிசோட்டோ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அது வட இத்தாலிக்காரர்களின் குழைசாதம். வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, கழுவாத அரிசியை அதில் போட்டுப் புரட்டி, கொதிக்கும் காய்கறிச் சாற்றையோ இறைச்சிச் சாற்றையோ கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பதினெட்டு, இருபது நிமிடத்தில் அரிசியின் மாவு வெளியே வந்து எல்லாம் தளதளவென்று ஆகும். கடைசியில் இன்னும் கொஞ்சம் வெண்ணெய், சீஸ். அவ்வளவுதான்.

சென்னையில் கல்லூரி நண்பர்களோடு ஒரு ரெஸ்டாரண்டில் இதை முதல்முறை சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. பில் வந்ததும்தான் எனக்குள் இருந்த களம்பூர்க்காரன் விழித்துக்கொண்டான். சோற்றுக்கா இவ்வளவு காசு?

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆரணி பட்டுக்குப் பேர்போனது என்றால், பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் அரிசிக்குப் பேர்போனது. ஊர்ப் பெயரிலேயே களம் இருக்கிறது. ரைஸ் மில்களில் நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து அரைத்து மூட்டை மூட்டையாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள். அப்பா ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறார். தாத்தாவும் தாத்தாவின் அப்பாவும் மில் களத்தில் நெல் காயவைத்தவர்கள். ஆக, அரிசியைப் பற்றி யாராவது எனக்குப் பாடம் எடுத்தால் கொஞ்சம் கடுப்பாகும்.

சரி, இத்தாலிக்காரனுக்கும் அரிசிக்கும் என்ன சம்பந்தம் என்று தேடிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. 1475-இல் மிலானின் பிரபு கலியாட்சோ மரியா ஸ்ஃபோர்சா, ஃபெராரா பிரபுவுக்குப் பன்னிரண்டு மூட்டை விதைநெல் தருவதாக எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு போ நதிச் சமவெளி முழுக்க வாய்க்கால் வெட்டி நெல் போட்டார்கள். 1866-இல் கவூர் கால்வாய் வந்ததும் நெல் வயல் இன்னும் பெருகியது. அதே வட்டாரத்தில்தான் கோமோ நகரமும் இருக்கிறது. கோமோ எதற்குப் புகழ்பெற்றது தெரியுமா? பட்டு நெசவுக்கு! ஆரணியும் களம்பூரும் மாதிரி அங்கேயும் பட்டும் அரிசியும் அக்கம்பக்கம்.

ரிசோட்டோவுக்கு வாங்கும் ஆர்போரியோ அரிசிகூட வெர்செல்லிப் பக்கத்து ஒரு சின்ன ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறது. 1946-இல் வந்த ரகம். எங்கள் பொன்னிக்கும் ஒரு கதை உண்டு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி, மலேசியாவின் மஷூரி ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. மஷூரியின் தாய் தந்தையரில் ஒன்று தைச்சுங் 65 என்ற தைவான் நெல். அது ஜப்பானிகா வகை. ஆர்போரியோவும் ஜப்பானிகாதான். தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம் :-)

ஆனால் மில்லிலிருந்து வரும் புழுங்கலரிசியில் ரிசோட்டோ வராது. அவிக்கும்போதே அரிசியின் மாவு இறுகிவிடுகிறது. அதனால்தான் நம் சோறு பூப்போல உதிர்கிறது. ரிசோட்டோவுக்கு வேண்டியதோ இதற்கு நேர் எதிர். ஆகவே குண்டுப் பச்சரிசி வாங்கினேன். ஆரணியில் சீஸ் கிடைத்தது, அமுல்தான். ஒயினுக்குப் பதில் எலுமிச்சம்பழம் இரண்டு சொட்டு. மிலான்காரர் யாரும் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்.

அரிசியைக் களையாமல் வாணலியில் கொட்டியபோது அம்மா பதறிவிட்டார். களைந்தால் மேல்மாவு போய்விடும் என்று விளக்கினேன். ஆயா எட்டிப் பார்த்து, "இன்னாடா இது, நோயாளிக்குக் கஞ்சி காச்சற மாதிரி துழாவிக்கினே கீற?" என்றார்.

ரிசோட்டோவில் ஒரு சிக்கல் உண்டு. அடுப்பை அணைத்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். ஐந்து நிமிடம் போனால் இறுகும், பத்து நிமிடத்தில் களி. அதனால் ஐந்து தட்டையும் வரிசையாக வைத்துக்கொண்டு எல்லோரையும் உட்காரச் சொன்னேன். அப்பா உட்கார்ந்தார், தம்பி உட்கார்ந்தான். அம்மா மட்டும் நின்றுகொண்டே, "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்" என்றார். ஆயாவும் அடுக்களை வாசலிலிருந்து நகரவில்லை.

"அப்புறம் சாப்பிட முடியாதும்மா, இது ஆறினா போச்சு" என்றேன். அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் இருபது வருடமாக அம்மா ஆறின சோறுதான் சாப்பிடுகிறார். எல்லோருக்கும் போட்டு, குழம்பு மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, அதற்குப் பிறகு. நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

கட்டாயப்படுத்தி உட்காரவைத்தேன். ஆயா நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு பத்தலை, ஆனா சூடா கீது" என்றார். பிறகு சும்மா இருக்காமல் பழைய கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். இந்தக் கட்டுரைக்கு அதுதான் காரணம்.

ஆயாவின் சின்ன வயதில் களம்பூரில் வீட்டுக்கு வீடு அரிசிச் சோறு இல்லை. கேழ்வரகுக் களி, கம்பங்கூழ். அரிசி பண்டிகைக்கு. களத்தில் பகல் முழுக்க நெல்லைக் காலால் துழாவிவிட்டு இரவு வந்து களி தின்றவர்கள் அவர்கள். (போ நதிக்கரையிலும் இதேதான். விவசாயக் கூலிகளுக்குச் சாப்பாடு மக்காச்சோளக் களி. அதை மட்டுமே தின்று பெல்லக்ரா என்ற நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். முழங்கால் தண்ணீரில் குனிந்து களையெடுத்த பெண்கள் வெர்செல்லிப் பக்கம் 1906-இல் எட்டு மணி நேர வேலைக்காகப் போராடி ஜெயித்தார்கள். அவர்களைப் பற்றி 1949-இல் 'ரீசோ அமாரோ' என்ற சினிமாவே வந்தது. 'கசந்த அரிசி' என்று அர்த்தம்.)

1942-இல் பர்மா ஜப்பானிடம் விழுந்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்று, சென்னை மாகாணத்தில் ரேஷன் வந்தது. 1952-இல் ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தார். தட்டுப்பாடு மறுபடி வந்தது. 1965-இல் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவு ஒருவேளை சாப்பாட்டை விடச் சொன்னபோது ஆயாவுக்குக் கல்யாணமான புதிது. "நாங்க என்னாத்த விடறது, நாங்க எப்பவும் விட்டுக்கினுதானே இருந்தோம்" என்று சிரிக்கிறார். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதிக்கு ஏன் அவ்வளவு கைதட்டல் என்று புத்தகத்தில் படித்தபோது எனக்குப் புரியவில்லை. ஆயா சொன்னபோது புரிந்தது. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். ஆயா இன்னும் சிந்திய பருக்கையைப் பொறுக்குவதை விடவில்லை.

வீட்டில் இப்படி என்றால் ஹோட்டலில்?

நம் ஊரில் சோற்றை விற்பது என்பதே ரொம்பப் பழைய வழக்கமில்லை. வழிப்போக்கருக்குச் சத்திரம் இருந்தது, அங்கே சோறு இலவசம். ஆனால் யாருக்கு எந்த இடம் என்பதில் சாதி இருந்தது. பிறகு காப்பி கிளப்புகளும் சாப்பாட்டு ஹோட்டல்களும் வந்தன. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். காசு கொடுத்தால் சோறு என்று ஆன பிறகும் பக்கத்தில் யார் உட்காருவது என்பது தீரவில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலேயே பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரின் இயக்கம் தொடர்ந்து எதிர்த்து 1941-இல் அது ஒழிந்தது. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே வாசலில் நடந்த மறியல், பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரே சொல்லுக்காக. தினம் தினம் ஆட்கள் போய்க் கைதானார்கள். ஒரு சொல்லுக்கா இத்தனை பேர் சிறை போனார்கள் என்று இப்போது தோன்றலாம். எனக்கும் ஆயா சொல்லும்வரை அப்படித்தான் தோன்றியது.

ஆயா சொன்னது இது. தாத்தாவின் அப்பா வாழ்நாளில் ஹோட்டலுக்குள் போனதில்லை. காசு இல்லாமல் இல்லை, மில்லில் கூலி வந்தது. டவுனுக்குப் போனால் கையில் தூக்குவாளி கொண்டு போவார். ஹோட்டலின் பக்கவாட்டில் நிற்பார். உள்ளேயிருந்து கொண்டுவந்து கைபடாமல் தூக்கில் ஊற்றுவார்கள். மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். உணவகங்களில் சாதி பார்த்துத் தடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு 1950 முதல் சொல்கிறது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. அவர் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தார். சட்டம் வந்தது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். கால் போவணுமே" என்றார் ஆயா.

தாத்தாதான் எங்கள் குடும்பத்தில் முதலில் உள்ளே போய் மேஜையில் உட்கார்ந்தவர். ஆயாவுக்கு அதற்கும் சில வருடம் ஆயிற்று. நாத்தனார் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஆரணி போனபோது, எழுபதுகளின் தொடக்கத்தில். அந்தக் காலத்து ஹோட்டல்களில் 'ஃபேமிலி ரூம்' என்று ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். மரத்தடுப்பு, அழுக்குத் திரை, மேலே ஒரு ஃபேன். ஹோட்டல் என்பது ஆண்களின் இடம், பெண்கள் வந்தால் திரைக்குப் பின்னால். இதை நினைத்து நான் ஆத்திரப்பட்டேன். ஆயாவுக்கு ஆத்திரம் ஒன்றும் இல்லை. "எலை போட்டு சுடச்சுட சோறு போட்டாங்க. எனுக்கு ஒருத்தரு பரிமாறி நான் குந்திக்கினு தின்னது அதான் மொதோ தபா" என்றார். அன்றைக்கு என்ன குழம்பு, என்ன பொரியல் என்று இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார். கத்தரிக்காய் காரக்குழம்பு, முட்டைகோஸ் பொரியல்.

ஹோட்டல் சாப்பாடு உடம்புக்கு ஆகாது, வீட்டுச் சாப்பாடுதான் அமிர்தம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பரிமாறப்படுகிறவர்கள்தான் என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம். நானும் அதில் ஒருவன்.

இத்தாலிக்குத் திரும்புகிறேன், ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அங்கே வீட்டுச் சமையலை எழுத்தில் கொண்டுவந்து புகழ்பெற்ற புத்தகம் பெல்லெக்ரினோ அர்த்தூசி என்பவருடையது. 1891-இல் ஃபிளாரன்ஸில் சொந்தச் செலவில் வெளியிட்டார். ஆள் பட்டு வியாபாரம் செய்து சம்பாதித்தவர். மிலான் ரிசோட்டோவுக்கு மட்டும் அதில் மூன்று செய்முறை. ஆனால் செய்முறைகளை அடுப்பில் ஏற்றிச் செய்து பார்த்தவர்கள் மரியெத்தா சபாத்தினி, பிரான்செஸ்கோ ருஃபில்லி என்ற இரண்டு சமையல்காரர்கள். அர்த்தூசி 1911-இல் இறந்தபோது புத்தகத்தின் உரிமையை இவர்கள் இருவருக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். பெரிய மனுஷன்தான். நம் ஊரில் 1951-இல் வந்த 'சமைத்துப் பார்' மீனாட்சி அம்மாள் எழுதியது. சமைத்தவரே எழுதியது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள், என் ஸ்காலர்ஷிப் பணத்தில் எல்லோரையும் ஆரணிக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். ரிசோட்டோ எல்லாம் இல்லை, சாதாரண மீல்ஸ் ஹோட்டல். திரை கிடையாது, ஃபேமிலி ரூமும் கிடையாது, எல்லோரும் ஒரே ஹால். அம்மா இலையில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் எங்கள் இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சர்வர் வந்து, "சாப்பிடுங்கம்மா, ஆறிடப்போவுது" என்றதும் ஆயா சத்தமாகச் சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டார். அன்றைக்கு ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கினது அம்மாதான்.

சோறு எப்படி என்று அப்பாவைக் கேட்டேன். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, "நம்ம மில்லு அரிசி இல்ல" என்றார்.

அடுத்த விடுமுறைக்குச் சீரகச் சம்பாவில் ரிசோட்டோ செய்து பார்ப்பதாக இருக்கிறேன். அரிசியைக் களைந்துதான் போட வேண்டும் என்பதில் அம்மா உறுதியாக இருக்கிறார். பேச்சுவார்த்தை நடக்கிறது.