முப்பது லட்சம் மைல் ஓடிய வாத்தியார் கார்

போன வாரம் ஹாஸ்டலில் ஒரு பெரிய விவாதம். நண்பன் ஒருவன் 1960களின் ஸ்போர்ட்ஸ் கார் படம் ஒன்றைக் காட்டி, "வேலைக்குப் போய் சம்பாதிச்சதும் இந்த மாதிரி ஒண்ணு வாங்குவேன்டா" என்றான். உடனே இன்னொருவன், "வாங்கி என்ன பண்ணுவ? ஞாயித்துக்கிழமை வெளிய எடுத்து தொடச்சி வெப்ப. மத்த ஆறு நாளும் துணி போட்டு மூடி வெப்ப. அதெல்லாம் தினமும் ஓட்டுற வண்டியா?" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் ஆட்டவில்லை. ஏனென்றால் அப்படிப்பட்ட காரைத் தினமும் ஓட்டிய ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கதை எனக்குத் தெரியும். அன்று ராத்திரி அதைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை (சாப்பாட்டு மணி அடித்துவிட்டது). அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். பழைய கார் எல்லாவற்றையும் நாம் 'வின்டேஜ்' என்று சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தில் பழைய கார்ப் பிரியர்கள் இதில் ரொம்பக் கறார். அவர்கள் கணக்கில் 1919 முதல் 1930 வரை வந்தவைதான் வின்டேஜ். 1960களின் கார் 'கிளாசிக்'. நாம் அவ்வளவு கறாராக இருக்க வேண்டாம். பழைய கார் என்றே வைத்துக்கொள்வோம்.

நம் கதையின் கார் வோல்வோ பி1800. ஸ்வீடன் நாட்டு கார். வோல்வோ என்றால் பெட்டி மாதிரி, பத்திரமான குடும்ப கார் என்றுதான் பெயர். அவர்கள் ஸ்போர்ட்ஸ் கார் செய்ததே ஒரு அவமானத்துக்குப் பிறகுதான். 1950களின் நடுவில் பி1900 என்று ஃபைபர் கிளாஸ் உடம்போடு ஒரு திறந்த கார் செய்தார்கள். அது எழுபது வண்டிகளைக்கூட எட்டவில்லை. 1956-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்த குன்னர் எங்கெலாவ் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு, போதும் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். ஆனால் நல்ல ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. அதுவும் இத்தாலிக்காரர்கள் கையால் வரைந்ததாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. இத்தாலியிலிருந்து வந்த வரைபடங்களில் எங்கெலாவுக்குப் பிடித்துப் போனதை வரைந்தவர் இத்தாலிக்காரரே அல்ல. வோல்வோவின் ஆலோசகர் ஹெல்மர் பெட்டர்சனின் மகன் பெல்லே பெட்டர்சன். இருபதுகளில் இருந்த ஸ்வீடன் பையன். இத்தாலியில் ஃப்ரூவா பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. விளைவு, பல வருடங்களுக்கு அந்தக் காரை வரைந்தது ஃப்ரூவா என்றே உலகம் நம்பியது. பெல்லேக்கு உரிய பெயர் ரொம்பத் தாமதமாகத்தான் கிடைத்தது. மனிதர் அதற்காக உட்கார்ந்து அழவில்லை. பாய்மரப் படகுப் போட்டியில் 1964 ஒலிம்பிக்கில் வெண்கலமும் 1972-ல் வெள்ளியும் வாங்கினார் :-)

காரை யார் செய்வது என்பதிலும் சிக்கல். ஜெர்மனியின் கார்மன் நிறுவனம் செய்வதாக இருந்தது. கார்மனின் பெரிய வாடிக்கையாளரான ஃபோக்ஸ்வேகனுக்கு இது பிடிக்காததால் அந்த ஏற்பாடு கைவிட்டுப் போனது. 1960 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் காரைக் காட்டிவிட்டார்கள், தொழிற்சாலைதான் இன்னும் தயாராகவில்லை! கடைசியில் ஸ்காட்லாந்தில் பாடி அடித்து, இங்கிலாந்தில் ஜென்சன் நிறுவனத்தில் கோர்த்தார்கள். தரம் வோல்வோவுக்குத் திருப்தியாக இல்லை. 6,000 கார்களோடு அதை முடித்துக்கொண்டு, 1963-ல் வேலையை ஸ்வீடனுக்கே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு வந்தவைதான் 1800 எஸ். அந்த 'எஸ்' ஸ்வீடனைக் குறிப்பது.

இதற்கிடையில் அதிர்ஷ்டமும் அடித்தது. ரோஜர் மூர் நடித்த 'தி செயிண்ட்' தொலைக்காட்சித் தொடருக்கு ஜாகுவாரிடம் கார் கேட்டார்கள். அவர்கள் தர மறுத்தார்கள். வோல்வோ கொடுத்தது. 1962 முதல் அந்த வெள்ளைக் கார் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானது.

சரி, நம் வாத்தியாருக்கு வருவோம்.

அவர் பெயர் இர்வ் கோர்டன். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் அறிவியல் ஆசிரியர். 1966 ஜூன் மாதக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை, சிவப்பு நிற 1800 எஸ் ஒன்றை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 25. விலை 4,150 டாலர், ஏறக்குறைய அவருடைய ஒரு வருடச் சம்பளம். வாங்கியவர் நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஓட்டினார், ஓட்டினார், ஓட்டிக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை முதல் சர்வீஸுக்குக் கொண்டுவந்து நிறுத்தும்போது மீட்டரில் 1,500 மைல். அதாவது ஒரே வார இறுதியில் 2,400 கிலோமீட்டர்!

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய்வர தினமும் 125 மைல், சுமார் 200 கிலோமீட்டர். பத்து வருடத்தில் 5 லட்சம் மைல். 1987-ல் 10 லட்சம். 1998-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார். தனியார் உபயோகத்தில் ஒரே உரிமையாளர் மிக அதிக தூரம் ஓட்டிய கார். 2002-ல் 20 லட்சம். 2013 செப்டம்பர் 18 அன்று அலாஸ்காவில் 30 லட்சம் மைலைத் தொட்டார். ஏன் அலாஸ்கா? அந்தக் காரோடு அவர் போகாமல் மிச்சம் வைத்திருந்த இரண்டு மாநிலங்களில் அது ஒன்று.

30 லட்சம் மைல் என்றால் 48 லட்சம் கிலோமீட்டர். நிலாவுக்கு ஆறு தடவை போய்வந்து, ஏழாவது தடவை கிட்டத்தட்ட பாதி வழி போன கணக்கு வரும். 47 வருடத்துக்கு வகுத்துப் பார்த்தேன். ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல் என்று எதுவும் கழிக்காமல் தினமும் 280 கிலோமீட்டர்.

இது எப்படி முடிந்தது? நான் பார்த்தவரை மூன்று காரணங்கள்.

முதலாவது, இந்தக் காரின் மேல்தோல்தான் ஸ்போர்ட்ஸ். உள்ளே இருந்தது எல்லாம் வோல்வோவின் அமேசான் என்ற குடும்ப காரின் சாமான். பி18 எஞ்சின், வார்ப்பிரும்பு பிளாக், நாலு சிலிண்டர். முந்தைய பி16 எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டை மூன்று மெயின் பேரிங்குகள் தாங்கின, இதில் ஐந்து. அதனால் நெடுநேரம் வேகமாக ஓடினாலும் ஷாஃப்ட் வளைந்து கொடுக்காது. இத்தாலி ஸ்போர்ட்ஸ் கார்களின் நுணுக்கம் எதுவும் இதில் கிடையாது. அன்று பத்திரிகைக்காரர்கள் குறையாகச் சொல்லக்கூடிய அந்தச் சாதாரணத்தனமே அதன் ஆயுள் ரகசியம். இன்னொரு லாபமும் உண்டு. 1973-ல் இந்த வரிசை நின்றுபோனபோது மொத்தம் 47,000 சொச்சம் கார்களே வந்திருந்தன. ஆனால் எஞ்சின் சாமான்கள் லட்சக்கணக்கில் ஓடிய குடும்ப கார்களுக்கும் பொது என்பதால் ஸ்பேர் பார்ட்ஸ் பஞ்சம் வரவில்லை. கண்ணாடி, பம்பர், பாடி தகடு மாதிரி இந்தக் காருக்கென்றே செய்தவைதான் கிடைப்பது கஷ்டம்.

இரண்டாவது காரணம் வாத்தியாரின் ஒழுங்கு. காரோடு வந்த கையேட்டில் என்ன போட்டிருந்ததோ அதைச் செய்தார். மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு மைலுக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினார். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஆயிரம் தடவை! சின்ன வேலைகளைத் தானே பார்த்தார். புதுசாக ஏதாவது சத்தம் கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்று விடமாட்டார். பலன், அந்த எஞ்சினை முதல் தடவை இறக்கி வேலை பார்த்ததே 6,80,000 மைலில், அதாவது சுமார் 11 லட்சம் கிலோமீட்டரில்.

மூன்றாவது காரணம்தான் என் நண்பனுக்கு பதில். கார் கெட்டுப்போவது ஓடுவதால் மட்டுமல்ல, நிற்பதாலும்தான். நிறுத்தி வைத்த காரில் பெட்ரோல் பிசின் மாதிரி ஆகி கார்புரேட்டரை அடைக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சிலிண்டர் உள்ளே துருப் பிடிக்கும். ரப்பர் சீல்கள் காய்ந்து ஒழுகும். பாட்டரி செத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பது இன்னும் மோசம். எஞ்சின் முழுதாகச் சூடாவதற்குள் அணைத்துவிட்டால் உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்துவிடும். எஞ்சின் அதிகம் தேய்வது குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும்போதுதான். கோர்டன் தினமும் ஒருமுறை சூடாக்கி, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நூறு கிலோமீட்டர் ஓட்டினார். இரும்புக்கு இதைவிடச் சுகமான வாழ்க்கை இருக்க முடியாது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் மறைக்கக் கூடாது. இந்தக் காரில் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. வோல்வோவின் நீல்ஸ் போலின் 1959-ல் கொடுத்த மூன்று முனை சீட் பெல்ட் ஒன்றுதான் துணை. முன்னால் டிஸ்க் பிரேக் உண்டு, பின்னால் டிரம். இன்றைய கார் ஒன்று திடீரென்று முன்னால் நின்றால் இது அவ்வளவு சீக்கிரம் நிற்காது. புகையைச் சுத்தம் செய்யும் கருவியும் கிடையாது. அந்தக் காலத்து எஞ்சின்களில் பல, ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்தவை. வால்வு உட்காரும் இடம் தேயாமல் அந்த ஈயம் காத்தது. அது மனிதனுக்கு விஷம் என்பதால் படிப்படியாகக் குறைத்து, 1996-ல் அமெரிக்கச் சாலைக் கார்களுக்கு முழுக்கத் தடை செய்தார்கள். சரியான முடிவு. ஆனால் பழைய காரைத் தினமும் ஓட்டியவர்கள் கெட்டியான வால்வு சீட் போடவோ, பெட்ரோலில் வேறு மருந்து ஊற்றவோ வேண்டி வந்தது. எல்லோரும் ஆளுக்கொரு பழைய கார் ஓட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

நான் யோசிப்பது வேறு. கோர்டன் பழைய கார் வாங்கவே இல்லை! 1966-ல் அவர் வாங்கியது ஷோரூம் புதுசு. அவர் தினமும் பள்ளிக்கூடம் போய்வந்துகொண்டிருந்தார். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் அது பழைய காராகிவிட்டிருந்தது, அவ்வளவுதான். சாதனை செய்ய வேண்டும் என்று அவர் கிளம்பவில்லை. வேலைக்குப் போக வண்டி வேண்டும், இந்த வண்டி பிடித்திருந்தது, விற்க மனசில்லை. ஒரு காபி குடிக்க மணிக்கணக்கில் ஓட்டிப் போவாராம்.

ஒரு பொருளைக் காப்பாற்றுவது என்றால் அதைப் பூட்டி வைப்பது என்று நாம் நினைக்கிறோம். வீட்டில் நல்ல பாத்திரம் எல்லாம் பரணில் இருக்கும். நசுங்கிய டம்ளரில் காபி குடிப்போம். நல்ல சட்டையைத் தீபாவளி தீபாவளியாக மடித்து வைத்து, கடைசியில் அது பத்தாமல் போய்விடும். வாத்தியார் இதைத் தலைகீழாகச் செய்தார். இருப்பதிலேயே நல்லதைத் தினசரிக்கு எடுத்தார். கூடவே அதற்குத் தினமும் செய்ய வேண்டியதைச் செய்தார். இதில் முதல் பாதி எல்லோருக்கும் பிடிக்கும். இரண்டாவது பாதிதான் கஷ்டம். நமக்கு ஒரு சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடவே சோம்பல். நான் என்னைத்தான் சொல்கிறேன்.

2018 நவம்பரில் கோர்டன் காலமானார். அப்போதும் வீட்டில் இல்லை, சீனாவில் பயணத்தில் இருந்தார். ஓடிக்கொண்டே இருந்த மனிதர், ஊர் விட்டு ஊர் போன இடத்தில் முடிந்தார். கார் அவருக்குப் பின்னாலும் இருந்தது.

இதையெல்லாம் நேற்று அந்த நண்பனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடா, முப்பது லட்சம் மைலுக்கு பெட்ரோல் யாரு போடறது?" என்றான். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ராத்திரி அவன் சைக்கிளைத் திருப்பி வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.